"ஸ்விங் பண்ணாதே" என்று சொல்லும் கோச்சிடம் எப்படிப் பேசுவது?

ரைட்ஃபீல்டு அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டாலஸுக்கு வடக்கே இருக்கோம். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. இங்க ஒரு ரெக் லீக்ல, அதாவது யார் வேணா சேரலாம்ங்கற உள்ளூர் லீக்ல, 10யூ (பத்து வயசு வரைக்கும்) சாஃப்ட்பால் ஆடறா, பேஸ்பால் மாதிரி ஒரு ஆட்டம். இது ரெண்டாவது சீசன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கிரிக்கெட் தெரியும், இது தெரியாது. நான் கேக்கறது தப்பா இருந்தா தப்புன்னே சொல்லுங்க.

இவளுக்கு இந்த ஆசை வந்ததே டிவி பாத்துத்தான். 2025 ஜூன்ல ஓக்லஹோமா சிட்டில காலேஜ் பெண்கள் சாஃப்ட்பால் ஃபைனல், டெக்சஸும் டெக்சஸ் டெக்கும். முதல் மேட்ச்ல டெக்சஸ் ஒரு ரன் பின்னாடி நிக்குது. டெக்குக்குப் பந்து போடற பிட்சர் நிஜாரீ கனடி, டெக்சஸ் பேட்டர் ரீஸ் அட்வுட்டை வேணும்னே வாக் பண்ணி அனுப்ப வெளியே வெளியே போடறாங்க (அப்படிக் குறி தப்பின பந்துக்குப் பேர் 'பால்'; நாலு பால் ஆனா பேட்டர் அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக்). அட்வுட் அந்த வெளிப்பந்தையே எட்டி அடிச்சுட்டாங்க. ரெண்டு ரன், மேட்ச் 2-1. என் பொண்ணு சோஃபா மேல ஏறி நின்னு கத்தினா. மறுநாள் காலைல பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி பேட் வேணும்னு கேட்டா.

இப்ப விஷயத்துக்கு வரேன். டீம்ல 12 பிள்ளைங்க. எல்லாரும் வரிசையா பேட்டிங் வரணும்னு லீக் விதி, அதனால அவளுக்கும் பேட்டிங் வருது. எப்பவும் பதினொண்ணாவது இல்ல பன்னெண்டாவது ஆளா. ஃபீல்டிங்ல மேட்சுக்கு ரெண்டு இன்னிங்ஸ், ரைட் ஃபீல்டு மட்டும், பேஸுக்கெல்லாம் பின்னாடி வலது ஓரம். மத்த நேரம் டக்அவுட் பெஞ்சு. ஏழு மேட்ச் முடிஞ்சிடுச்சு, ஒரு தடவைகூட உள்ளே, பேஸ் பக்கம் (இன்ஃபீல்டுல), நிக்க விடல. பிட்சர் ஹெட் கோச்சோட பொண்ணு, ஷார்ட்ஸ்டாப் அசிஸ்டன்ட் கோச்சோட பொண்ணு. அதுங்க ரெண்டும் நல்லாவே ஆடுதுங்க, அதுல எனக்கு வருத்தம் கிடையாது.

என் மனசுல முள்ளா குத்தறது வேற. இவ பேட் எடுத்துட்டுப் போனதும் கோச் மூணாவது பேஸ் பக்கத்துல நின்னு "ஸ்விங் பண்ணாதே, நில்லு, அவளே போடட்டும்"னு கத்தறார். எதிர் டீம் பிட்சரும் ஒன்பது, பத்து வயசுப் பொண்ணு. பந்து தலைக்கு மேலயும் தரையிலயும் போகும். நாலு பால் ஆச்சுன்னா வாக். இவ ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போறா, கோச் கை தட்டி "குட் ஐ"ங்கறார். எல்லா பிள்ளைங்களுக்கும் இப்படிச் சொல்றதில்ல. கடைசில வர்ற மூணு பேருக்கு மட்டும்தான். ஏழு மேட்ச்ல இவ பேட்டை வீசினது நாலே தடவை. நான் எண்ணினேன்.

போன ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளிலேர்ந்து திரும்பி வரும்போது கார்ல சொல்றா: "அம்மா, எனக்கு அடிக்க வராதுன்னு கோச்சுக்குத் தெரிஞ்சுபோச்சு."

கோச்கிட்ட பேசலாமா? இப்படிப் பண்ணக்கூடாதுன்னு விதி ஏதாவது இருக்கா? வீட்டுக்காரர் வேணாங்கறார். "சம்பளம் வாங்காம வந்து நிக்கறாங்க, நாம போய்க் கேட்டா அந்தக் கோவத்தைப் பொண்ணு மேல காட்டுவாங்க"ங்கறார். நாங்க படிச்ச காலத்துல பி.டி. வாத்தியாரை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கு.

ஆறு சீசன் கோச்:

நீங்க கேட்டதுல தப்பே இல்ல. நான் நியூஜெர்சில ஆறு சீசனா 10யூ, 12யூ டீம்களுக்குக் கோச்சா இருக்கேன். நானும் கிரிக்கெட் ஆளுதான், கும்பகோணம். என் பொண்ணு சேர்ந்தப்போ கோச் இல்லாம ஒரு டீமே கலையற நிலைமை. கையைத் தூக்கினேன், அப்படித்தான் இதுக்குள்ள வந்தேன்.

முதல்ல விதி. உங்க லீக் எந்த அமைப்போட சேர்ந்ததுன்னு நீங்க சொல்லல, அதனால பெரிய அமைப்பு ஒண்ணோட கணக்கைச் சொல்றேன். லிட்டில் லீக்ல சீசன் மேட்ச்ல ஒவ்வொரு பிள்ளையும் குறைஞ்சது ஆறு அவுட் எடுக்கற வரைக்கும் ஃபீல்டிங்ல நிக்கணும், ஒரு தடவையாவது பேட்டிங் வரணும். ஆறு அவுட்டுன்னா ரெண்டு இன்னிங்ஸ். இப்ப நீங்க எழுதினதைத் திரும்பப் பாருங்க. உங்க பொண்ணுக்குக் கிடைக்கறது சரியா ரெண்டு இன்னிங்ஸ். உங்க கோச் விதியைப் படிச்சவர். அதுல என்ன குறைஞ்சபட்சமோ அதை மட்டும் அளந்து ஊத்தறார். அதனால விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் போனா நீங்கதான் தோப்பீங்க. எந்த இடத்துல நிக்க வைக்கணும், பேட்டிங்ல என்ன சொல்லிக் கொடுக்கணும்னு எந்த விதியும் சொல்லாது. ஆனா சில லீக்ல உள்ளூர் விதின்னு தனியா ஒரு பிடிஎஃப் இருக்கும். "ஒவ்வொரு பிள்ளையும் மேட்சுக்கு ஒரு இன்னிங்ஸாவது இன்ஃபீல்டில்"னு அதுல போட்டிருக்கற லீக்குகளும் உண்டு. அதைத் தேடிப் படிங்க.

சின்ன வயசுல தெருவுல ஆடினப்போ பேட் யாருதோ அவன்தான் ஓப்பனிங். கடைசியா வந்து நிக்கற சின்னப் பையன் ஒப்புக்குச் சப்பாணி. அவன் அவுட்டானாலும் கணக்கில்ல, அடிச்சாலும் கணக்கில்ல. இங்க ரெக் லீக்ல விதியெல்லாம் எழுதி வச்சதே அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடாதுன்னுதான். விதியை அப்படியே காப்பாத்திக்கிட்டே உங்க பொண்ணை ஒப்புக்குச் சப்பாணியா நிறுத்தி வச்சிருக்கார் அவர். எனக்கு இது எப்படித் தெரியும்னா, நானும் இதைச் செஞ்சிருக்கேன்.

என் ரெண்டாவது சீசன். அரையிறுதி, கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூணு பேஸும் நிறைஞ்சிருக்கு, ரெண்டு அவுட். பேட்டிங் வர்றது என் டீம்லயே ரொம்பச் சின்னப் பொண்ணு. எதிர் பிட்சர் தடுமாறிக்கிட்டிருந்தா. நான் டைம் கேட்டு அந்தப் பொண்ணுகிட்ட போய் "பேட்டைத் தோள்லயே வச்சுக்க"ன்னேன். நாலு பால். பேஸ்ல நின்னவங்க எல்லாரும் ஒரு பேஸ் நகர்ந்து ரன் வந்துச்சு, ஜெயிச்சோம். எல்லாரும் ஓடி வந்து அவளைக் கட்டிப் பிடிச்சாங்க. அடுத்த சீசன் பதிவுல அவ பேர் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு இந்தியன் கடைல அவ அப்பாவைப் பாத்தேன். நல்ல மனுஷன், என்னைக் குறை சொல்லணும்னு சொல்லல, கேட்டேன்னு சொன்னார்: "கோச் என்னை அடிக்க வேணாம்னு சொல்லிட்டார்ங்கறா சார், அப்புறம் எதுக்குப் போகணும்ங்கறா." கைல கறிவேப்பிலைக் கட்டோட அங்கயே நின்னேன். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் திரும்பி வரவே இல்ல.

"ஸ்விங் பண்ணாதே" ஏன் வேலை செய்யுதுன்னு சொல்றேன். 10யூல பிட்சர் நிக்கற இடம் 35 அடி, பந்து சுத்தளவு 11 இன்ச். கையைச் சக்கரமா சுத்திப் போடற அந்த விண்ட்மில் முறையை அந்த வயசுப் பிள்ளைங்க இப்பத்தான் பழகறாங்க. சும்மா நின்னாலே வாக் கிடைக்கும். 12யூ போனா 40 அடி, 12 இன்ச் பந்து, பிட்சர்களுக்கும் குறி வந்துடும். ரெண்டு வருஷம் வீசாம நின்ன பிள்ளை அங்க போய் மூணு ஸ்ட்ரைக்கையும் (அடிக்கற மாதிரி வர்ற பந்து, இல்ல வீசித் தப்பின பந்து; மூணு ஆனா அவுட்) பாத்துக்கிட்டே அவுட்டாகும். அன்னிக்கு அந்த 10யூ கோச் அங்க இருக்கமாட்டார். அவர் கணக்குல ஜெயிச்ச மேட்ச்தான் இருக்கும்.

எங்கிட்ட இப்ப ஒரே பழக்கம். சீசன் முதல் ரெண்டு மேட்ச்ல, முதல் ஸ்ட்ரைக் மாதிரி தெரியற பந்தை எல்லாரும் வீசியே ஆகணும். தப்பினாலும் டக்அவுட்டே கத்தும். பாசிட்டிவ் கோச்சிங் அலையன்ஸ்னு ஒரு அமைப்பு, 1998ல ஸ்டான்ஃபோர்டுல ஜிம் தாம்சன் ஆரம்பிச்சது. அவங்க வகுப்புல கத்துக்கிட்டது இன்னொண்ணு: தப்பு நடந்தா பிள்ளையும் கோச்சும் சேர்ந்து செய்யற ஒரு சைகை. நாங்க தோள்ல இருக்கற மண்ணைத் தட்டிவிடற மாதிரி ஒண்ணு வச்சிருக்கோம். சின்ன விஷயம்தான், ஆனா கண்ணுல தண்ணி தளும்பற பிள்ளைக்கு அந்த நேரத்துல கையால செய்ய ஒரு வேலை கிடைக்குது.

ரைட் ஃபீல்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. அதைத் தண்டனையா பாக்காதீங்க, பொண்ணும் பாக்க வேணாம். பேஸுக்குப் பேஸ் 60 அடிதான். ரைட் ஃபீல்டர் கொஞ்சம் முன்னாடி வந்து நின்னா, அடிச்ச பந்தை எடுத்து நேரா ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிஞ்சு ஓடற ஆளை அவுட் பண்ணலாம். இன்ஃபீல்டுலேர்ந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு வர்ற ஒவ்வொரு எறிக்கும் பின்னாடி ஓடி நிக்கணும். 10யூல அந்த எறி பாதி நேரம் தவறித்தான் போகும், அப்ப பந்தை எடுக்கப்போறது அவதான். இதைக் கோச் சொல்லிக் கொடுத்தாரான்னு அவகிட்ட கேளுங்க. இல்லன்னா நீங்க சொல்லிக் கொடுங்க.

இனி எப்படிப் பேசறதுன்னு. மேட்ச் முடிஞ்ச சூட்டுல பேசாதீங்க, ஒரு நாள் விடுங்க. இருபத்துநாலு மணி நேரம்ங்கறது இங்க பல விளையாட்டுலயும் உள்ள வழக்கம். பொண்ணு பக்கத்துல இல்லாம, பிராக்டிஸுக்குக் கால்மணி முன்னாடி போங்க. கோச்சோட பொண்ணைப் பத்தி, மத்த பிள்ளைங்களைப் பத்தி மூச்சு விடாதீங்க. ரெண்டே விஷயம் கேளுங்க. "அவ வீசட்டும், ஸ்ட்ரைக் அவுட் ஆனாலும் எங்களுக்குப் பரவாயில்ல." இதை நீங்க வாய்விட்டுச் சொல்லணும், ஏன்னா பிள்ளை அவுட்டானா பெத்தவங்க முகம் சுருங்கும்னு பயந்தே சில கோச்சுங்க வாக் தேடறாங்க. ரெண்டாவது, "செகண்ட் பேஸ்ல ஒரு இன்னிங்ஸ் நிக்க அவ என்ன கத்துக்கணும்?" அவர் சொல்ற பதில்லயே அவர் எப்பேர்ப்பட்ட கோச்னு தெரிஞ்சுடும். அடிச்ச பந்தைப் பிடிக்க வராத பிள்ளையை மூணாவது பேஸ்லயோ பிட்சராவோ நிறுத்தறது நிஜமாவே ஆபத்து, அதை அவர் சொன்னா ஏத்துக்கங்க.

பொண்ணு மேல கோவத்தைக் காட்டுவாங்கன்னு உங்க வீட்டுக்காரர் பயப்படறது எனக்குப் புரியுது. அப்படி ஒருத்தர் காட்டினா அதோட அந்த டீமை விட்டுடுங்க, லீக் போர்டுக்கு எழுதுங்க. ஆனா என் அனுபவத்துல பத்துல எட்டுப் பேருக்கு யாராவது கேட்டாத்தான் உறைக்கும். எனக்கு யாரும் கேக்கல. கேட்டிருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கு ஆடிக்கிட்டிருப்பா.

எங்க ஊர்லேர்ந்து ஹோபோக்கன் அரைமணி தூரம். 1972ல மரியா பெப்பேங்கற 12 வயசுப் பொண்ணு அங்க பையன்களோட மூணு லிட்டில் லீக் மேட்ச் ஆடினா, அப்புறம் வெளியே அனுப்பிட்டாங்க. வழக்கு போட்டு, 1974ல பொண்ணுங்களுக்குக் கதவு திறந்தப்போ அவளுக்கு வயசு தாண்டிப்போச்சு. லிட்டில் லீக் சாஃப்ட்பால் தொடங்கினதும் அதே 1974லதான். அப்படி வாங்கின இடத்துல ஒரு பொண்ணை நிறுத்தி, பேட்டைத் தோள்லயே வச்சுக்கன்னு நானும் சொல்லியிருக்கேனேங்கறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஸ்காபரோ அம்மா:

தங்கச்சி, நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப்போறன், கோவிக்காதேங்கோ. என்ர ரெண்டு பிள்ளையளும் இஞ்ச கனடாவில ஹவுஸ் லீக்கில (உங்கட ரெக் லீக் மாதிரி) தொடங்கி, பெரியவ பிறகு தெரிஞ்செடுத்த பிள்ளையள் ஆடுற ரெப் டீமுக்குப் போனவ. ஆனபடியால் ரெண்டு பக்கமும் பாத்திருக்கிறன்.

எந்தப் பந்தை விடவேணும் எண்டு தெரியிறதும் ஒரு கெட்டித்தனம்தான். பெரியவ 14 வயதில கஷ்டப்பட்டுப் படிச்சது அதைத்தான், எல்லாத்துக்கும் பேட்டை வீசிப்போட்டு வந்து அழுவா. ஆனபடியால் வாக் எடுக்கிறதை அவமானம் எண்டு பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்க வேண்டாம். பிள்ளை தானாப் பாத்து விட்டால் அது படிப்பு. பந்து வரமுதலே விடச் சொன்னால் அது படிப்பில்லை. அந்த இடத்தில மட்டும் நான் மேல எழுதின தம்பியோட ஒத்துப்போறன். ஊரில, இலங்கையில, நாங்கள் எல்லே (தடியால பந்தை அடிச்சு ஓடுற விளையாட்டு) விளையாடேக்க மூண்டு தரம் பந்து வரும், அடிச்சே ஆகவேணும். நில் எண்டு ஆரும் சொல்லேலாது.

மற்றது, நீங்கள் நாலு தரம் வீசினவ எண்டு எண்ணியிருக்கிறியள். பிள்ளை உங்களைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறா, தெரியுமோ? நான் சாய்மனைக் கதிரையில இருந்து "பந்தைப் பார், பந்தைப் பார்" எண்டு தமிழில கத்துவன். ஒருநாள் சின்னவ பிட்சர் பந்து போடுற நேரம் திரும்பி என்னைப் பாத்தவ. பந்து வந்து தோளில பட்டுது. அதுக்குப் பிறகு நான் மேட்ச் நேரம் வாய் திறக்கிறேல்லை.

உங்கட அவர் ஒரு நாளைக்குப் பிராக்டிஸில போய் நிக்கட்டும், பந்து பொறுக்கிக் குடுக்கட்டும். கோச்மாருக்கு எப்பவும் ஆள் காணாது. உள்ளுக்குப் போய் நிண்டு ஒரு பிள்ளைக்கு டீயில (பந்தை மேல வைக்கிற தண்டில) வைச்சு அடிக்கப் பழக்கினால், நீங்கள் கதைக்காமலே பாதி விஷயம் நடந்துபோம். அதுக்காகக் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

நீலச்சட்டை:

நான் கலிபோர்னியாவில் வார இறுதிகளில் அம்பயராக நிற்கிறேன். எங்களை எல்லோரும் 'ப்ளூ' என்றுதான் கூப்பிடுவார்கள். கோச்கள் வெற்றியைத் தேடுவது பேட்டிங்கில் மட்டும் அல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பிள்ளை வாக் வாங்கி ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகும்போது மூன்றாவது பேஸில் இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று வையுங்கள். சில கோச்கள் வாக் வாங்கிய பிள்ளையை ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தாமல் இரண்டாவது பேஸுக்கு ஓடச் சொல்வார்கள். பந்தைக் கையில் வைத்திருக்கும் ஒன்பது வயதுப் பிட்சர் பதறிப்போய் அங்கே எறிவாள். மூன்றாவது பேஸ் பிள்ளை ஹோம் பேஸுக்கு ஓடி வந்து ரன் எடுத்துவிடும். விதிப்படி இது சரி. பெரிய பிள்ளைகள் ஆடும்போது அழகான உத்தி. 10யூவில் இதை ஒரு இன்னிங்ஸில் நான்கு முறை செய்யும் டீமை நான் பார்த்திருக்கிறேன். பிட்சராக நின்ற அந்தக் குழந்தை பந்து போடும் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. நான் விளையாட்டை நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். எனக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

இதனால்தான் பல ரெக் லீக்குகள் தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்கின்றன. ஒரு பந்துக்கு ஒரு பேஸ் மட்டும், ஹோம் பேஸுக்கு ஸ்டீல் (பந்தை யாரும் அடிக்காதபோதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) கிடையாது, ஐந்து ரன் வந்தால் இன்னிங்ஸ் மாறும், நான்கு பால் ஆனதும் வாக் கொடுக்காமல் பேட்டிங் டீமின் கோச்சே வந்து பந்து போடுவார். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அந்த விதி இருக்கும் லீக்கில் "ஸ்விங் பண்ணாதே" என்று சொல்லி எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் நிற்கும் பிள்ளைக்கு வாக் கிடையாது. உங்கள் லீக்கில் அது இல்லை என்று தெரிகிறது. கோச்சை மாற்றுவதைவிட இந்த ஒரு விதியைக் கொண்டுவரச் சொல்லிப் போர்டுக்கு எழுதுவது எளிது. அடுத்த சீசன் விதிகளைச் சீசனுக்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள், அதனால் இப்போதே எழுதுங்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

ரைட்ஃபீல்டு அம்மா:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழிச்சு எழுதறேன், நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு.

செவ்வாய்க்கிழமை பிராக்டிஸுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போனேன். கை நடுங்குச்சு. அண்ணா சொன்ன ரெண்டு கேள்வியைத்தான் கேட்டேன், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. "அவ ஸ்ட்ரைக் அவுட் ஆனா எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீசட்டும்"னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அவ பேஸுக்குப் போனா சந்தோஷப்படுவான்னுதான் நினைச்சதா சொன்னார். அப்படித்தான் நினைச்சாரா தெரியாது, ஆனா கோவப்படல. செகண்ட் பேஸுக்கு, தரையோட உருண்டு வர்ற பந்தைக் குனிஞ்சு முன்னால வந்து எடுக்கத் தெரியணும், இப்ப பின்னால போறான்னார். அது உண்மைதான், நானே பாத்திருக்கேன்.

சனிக்கிழமை மேட்ச். ரைட் ஃபீல்டுதான், ரெண்டு இன்னிங்ஸ்தான். அதுல ஒண்ணும் மாறல. ஆனா பேட்டிங் போனப்போ மூணாவது பேஸ் பக்கத்துலேர்ந்து சத்தமே வரல. முதல் தடவை மூணு வீச்சு, மூணும் காத்து, அவுட். டக்அவுட்டுக்கு வரும்போது முகம் செவந்திருந்துச்சு. நான் வாயைத் திறக்கல, ஸ்காபரோ அக்கா. கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாவது தடவை பேட்ல பட்டுச்சு. ஃபவுல். முதல் பேஸ் கோட்டுக்கு வெளியே வேலில போய் முட்டுச்சு. அடுத்த பந்துல அவுட் ஆயிட்டா.

கார்ல அந்த ஃபவுல் பத்தி மட்டும்தான் பேசினா. கை விரல் வரைக்கும் ஜிவ்வுனு இருந்துச்சாம். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட திரும்ப அதையே சொன்னா. அவர் இப்ப வியாழக்கிழமை பிராக்டிஸ்ல பந்து பொறுக்கறார், யாரும் கூப்பிடல, தானாவே போனார்.

நீலச்சட்டை சார், கோச் பந்து போடற விதியைப் பத்திப் போர்டுக்கு எழுதலாம்னு இன்னும் மூணு அம்மாக்கள்கிட்ட பேசினேன். அதுல ஒருத்தரோட பொண்ணும் கடைசி மூணுல ஒருத்திதான், அவங்களும் வீட்ல எண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. கடிதம் எழுத ஆரம்பிச்சிருக்கோம்.

ஒரு சின்னக் கேள்வி பாக்கி. தரைப் பந்து பழக வீட்டுப் பின்பக்கம் இடம் இருக்கு. உள்ளே நிக்கறதுக்கு முன்னாடி ஃபீல்டிங் முகக்கவசம் வாங்கிடணும்னு முடிவு பண்ணிட்டோம். அவகிட்ட இருக்கறது அண்ணன் பேஸ்பால்ல வச்சிருந்த பழைய கையுறை, 11 இன்ச் சாஃப்ட்பால் அதுல முழுசா உக்கார மாட்டேங்குது. ஒன்பது வயசுக் கைக்கு என்ன அளவு வாங்கலாம்?